கொலம்பஸிடம் சொல்லிக்கொண்டு வந்தவர்கள்

செவந்தி குழுவில் போட்ட குரல் பதிவில் அவளுடைய குரல் மட்டும் இல்லை.

மற்றதெல்லாம் இருந்தது. உலை கொதித்து மூடியைத் தட்டுகிற சத்தம், கூடத்து மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஓரிடத்தில் இடறுகிற சத்தம், தோப்பில் மட்டை ஒன்று கழன்று விழுந்ததும் மிரண்டு கத்திய காகம். 'நம்ம கப்பல அறுத்துட்டாங்கன்னு நெனச்சா சோறு எறங்கல தம்பி' என்று அவள் பேசியிருந்த இடத்தில் மட்டும் ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. அந்த மூச்சுக்கு அடியில், வெகு தூரத்தில், இரும்பு இரும்போடு உரசுகிற நீளமான முனகல்.

கைபேசியைத் துடைத்துவிட்டு மறுபடி பேசி அனுப்பினாள். மறுபடியும் அதே மூச்சு.

"அக்கா, மைக்க வெரலால பொத்திக்கிட்டுப் பேசுனா எங்களுக்கு எப்புடிக் கேக்கும்?" என்று வெற்றிசெல்வன் எழுதியிருந்தான். கூடவே சிரிக்கிற பொம்மைகள். அறந்தாங்கியில் கைபேசிக் கடை வைத்திருக்கும் அவன்தான் 'கொலம்பஸ் குடும்பம்' என்கிற அந்தக் குழுவை நடத்துகிறவன்.

அறந்தாங்கிச் சாலையில் இருந்த பழைய கேளிக்கைப் பூங்காவை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்த அன்று ஆரம்பித்த குழு அது. அங்கே இருந்த மற்ற ராட்டினங்களைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஊஞ்சல்போல முன்னும் பின்னும் வீசி வானத்துக்குத் தூக்கும் இரும்புக் கப்பலைப் பற்றித்தான் எல்லாப் பேச்சும். அதை எல்லோரும் கொலம்பஸ் என்றுதான் சொல்வார்கள். "ஏற்கெனவே இருக்குற மண்டபத்துலயே பொண்ணு கெடைக்காம ஈ ஓட்டுறானுங்க, இன்னொண்ணு எதுக்கு?" என்று ஒருவன் எழுதினால், "எங்க சித்தப்பா வாந்தியெடுத்த எடம்டா அது, கல்வெட்டு வைக்கணும்" என்று இன்னொருவன் எழுதுவான். மஞ்சளும் நீலமுமாகப் பெயிண்ட் உரிந்த பழைய படங்களைத் தேடித்தேடிப் போட்டார்கள். கலெக்டருக்கு மனுக் கொடுப்போம் என்றார்கள். யாரும் கொடுக்கவில்லை.

செவந்திக்கு அந்தக் குழு வீட்டுக்குள் ஒரு சத்தமாக இருந்தது. கீரமங்கலத்தைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் தனியாக நின்ற மாடிவீடு. குவைத்திலிருந்து ஆனந்தராஜ் அனுப்பி அனுப்பிக் கட்டிய வீடு. கட்டி முடித்தபிறகு அவன் அதில் தங்கியது இரண்டு விடுப்புகள்தான். மகள் சரண்யா புதுக்கோட்டையில் நர்சிங் படிக்கப் போனபிறகு மாடியைத் துடைத்துப் பூட்டியதோடு சரி. வெள்ளிக்கிழமை கணவன் கூப்பிடுவான். சனிக்கிழமை சாயங்காலம் மகள் பேருந்தில் வந்து இறங்குவாள். இடைப்பட்ட நாளெல்லாம் செவந்தி யாரோடும் பேசாமலே இருந்துவிட முடியும். இருந்துவிடவும் செய்தாள். ஆனால் அந்த இரண்டு பேருக்காகவும் தன் குரலைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்ற நினைப்பு அவளுக்கு உள்ளூர எப்போதும் உண்டு. ஒருமுறை அதைத் தொலைத்தவள் அவள்.

எட்டு வயதில், ஒரு வெயில் நேரத்தில், கண்மாய்க் கரையிலிருந்து தனியாகத் திரும்பி வந்தவளுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. என்னத்தைக் கண்டு பயந்தாள் என்று அம்மா கேட்டுக் கேட்டு அழுதாள். மந்திரித்தார்கள், தர்காவில் கயிறு கட்டினார்கள். கடைசியில் யாரோ சொல்லிக் கொலம்பஸுக்குக் கூட்டிப்போனார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. பயந்த பிள்ளையைக் கப்பலின் கோடி வரிசையில் உட்கார வைப்பார்கள். கப்பல் மேலே போய் வயிறு கழன்று தொங்குகிற நேரத்தில் பிள்ளை தன்னை மீறிக் கத்தும். பயம் அந்தக் கத்தலோடு அங்கேயே தங்கிவிடும். இறங்கியதும் திரும்பிப் பார்க்கக் கூடாது. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி, யாரிடமும் எதனிடமும் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட வேண்டும்.

செவந்தி கத்தினாள். குரல் வந்தது. கண்மாய்க் கரையில் பார்த்தது என்னவென்பது மட்டும் அன்றைக்கே மறந்துபோனது. அம்மா அவள் தலையைத் தன் இடுப்போடு அழுத்திக்கொண்டு, திரும்பவிடாமல், வாசல்வரை நடத்திக் கூட்டிவந்தாள். குழுவில் இருந்தவர்களில் பாதிப்பேர் அப்படி ஒரு நாள் அங்கே கொண்டுவரப்பட்ட பிள்ளைகள்தான். கிண்டலும் கேலியுமாக அதையும் எழுதியிருந்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒருமுறை எல்லோரும் கூடினார்கள். கப்பலின் மூக்குக்கு ரோஜா மாலை போட்டார்கள். கேக் வெட்டினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். பூங்காக்காரர் பெரிய மனது பண்ணி மோட்டாரைப் போட்டுவிட, நரைத்தவர்களும் தொப்பை விழுந்தவர்களும் ஏறி உட்கார்ந்து பிள்ளைகளைப்போலக் கத்தினார்கள். இறங்கியபிறகு வெற்றிசெல்வன் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் கப்பலப் பாத்து ஒருதடவ சொல்லிக்கிருங்கப்பா, நாளைக்கி இருக்காது" என்றான்.

எல்லோரும் திரும்பினார்கள். எல்லோரும் கையாட்டினார்கள்.

"போயிட்டு வாரோம்!"

செவந்திக்குக் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷம் ஆடிக் களைத்த ஒன்றிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் எப்படிப் போவது? அவள் கிட்டத்தில் போய், வெயிலில் சுட்ட இரும்பைத் தடவி, "வாரேன், என்ன?" என்றாள். சம்பந்தி வீட்டிலிருந்து கிளம்புகிறவள் மாதிரி. "நீயும் ஒருநாளைக்கி வா" என்றும் வாய் தவறி வந்தது. காற்று இல்லை. கப்பல் ஒரு சாண் முன்னால் வந்து நின்றது.

மறுநாள் கேஸ் கட்டர் வைத்து அறுத்து, லாரியில் ஏற்றி, பழைய இரும்புக்குக் கொண்டுபோனார்கள்.

அதற்கடுத்த நாள்தான் இந்தக் குரல் பதிவு.

புதன்கிழமை காலையில் பால்காரரிடம் பேசியபோது தொண்டை கரகரத்தது. மத்தியானத்துக்குள் அது கிசுகிசுப்பாகிவிட்டது. கீரமங்கலத்து டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை சுத்தமாக இருக்கிறது, உப்பு போட்டு வெந்நீரில் கொப்பளியுங்கள் என்றார். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீட்டுக்குள் ரப்பர் கருகிய வாடை அடித்தது. கொலம்பஸை நிறுத்த அடியில் டயரை முட்டக் கொடுப்பார்களே, அப்போது எழுகிற அதே வாடை. அடுப்பைப் பார்த்தாள். மோட்டார் சுவிட்சைப் பார்த்தாள். எல்லாம் அணைந்து கிடந்தன. வாடை மாடிப்படிப் பக்கம் அடர்த்தியாக இருந்தது.

குழுவில் கொண்டாட்டம் அடங்கிப்போயிருந்தது. பேராவூரணிக்காரர் ஒருவர் குரல் பதிவு போட்டிருந்தார். மூச்சு மட்டும். ஆலங்குடிப் பெண் ஒருத்தி. மூச்சு மட்டும். வாட்ஸப்பில் ஏதோ கோளாறு, அப்டேட் பண்ணுங்கள் என்று எழுதிய வெற்றிசெல்வன், சாயங்காலம் அவளுக்குத் தனியாக எழுதினான்: "அக்கா எனக்கும் போயிருச்சு. கடைக்கு வர்றவங்ககிட்ட சைகைல பேசுறேன். சிரிக்கிறாங்க."

கப்பலை ஓட்டிய ஆரோக்கியதாஸின் எண் அவளிடம் இருந்தது. கட்டுமாவடிக்காரர். கடலில் போகிற படகை விட்டுவிட்டுக் கரையில் ஆடுகிற படகுக்கு வந்தவன் என்று தன்னைத்தானே கேலி பண்ணிக்கொள்வார். விடைகொடுக்கும் நாளுக்குக் கூப்பிட்டும் அவர் வரவில்லை. செவந்தி மிச்சமிருந்த குரலையெல்லாம் திரட்டிக்கொண்டு பேசினாள்.

"யாரு? சத்தமே வரல. கொஞ்சம் ஒறக்கப் பேசுங்க."

"கீரமங்கலத்துச் செவந்திங்க. எங்க யாருக்கும் பேச்சு வரல அண்ணே."

அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டது.

"கடைசி நாளு, கெளம்பையில, எப்புடிம்மா கெளம்புனீங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் அவரே கேட்டார். "சொல்லிக்கிட்டா வந்தீங்க?"

"ஆமாண்ணே."

"எல்லாருமா?"

தொடர்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டபோது அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது.

அன்று பொழுது சாய்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஓலைகளில் விழுந்து, ஓலையிலிருந்து வழிந்து, தேங்கிய தண்ணீரில் விழுந்து, ஒரே மழை மூன்று மழையாகக் கேட்டது. கூடத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு செவந்தி உட்கார்ந்திருந்தாள். பேசிப் பார்த்தாள். உதடு அசைந்தது, நாக்கு மேலண்ணத்தில் தட்டியது, நெஞ்சிலிருந்து காற்று வந்தது. அவ்வளவுதான். தண்ணீர் வற்றிய குழாயைத் திறந்ததுபோல.

அப்போதுதான் மாடியில் கேட்டது.

முதலில் அது பேச்சாகத் தெரியவில்லை. பூட்டிய அறைக்குள் பூனை புகுந்துவிட்டதோ என்று நினைத்தாள். அடித்தொண்டையிலிருந்து ஒரு இழுப்பு. நிறுத்தம். இன்னொரு இழுப்பு. பிறகு அது ஓர் எழுத்தானது. "ச". வெகுநேரம் மழை மட்டும். "சர". யாரோ புதுச் செருப்பைப் போட்டு நடந்து பார்ப்பதுபோல, அவளுடைய குரலை எடுத்து, முன்னும் பின்னும் நடத்தி, கடிக்கிற இடத்தைத் தளர்த்திக்கொண்டிருந்தது. கோபமாக ஒருமுறை. செல்லமாக ஒருமுறை. தூக்கக் கலக்கத்தில் கூப்பிடுகிற மாதிரி ஒருமுறை.

"சரண்யா."

செவந்தி படியில் ஏறவில்லை. அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்தி, சிலிண்டரில் சாய்ந்து, விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

காலையில் மகளுக்கு எழுதினாள்: "இந்த வாரம் வராத. அம்மாவுக்குக் காய்ச்சல்." உடனே பதில் வந்தது: "அப்ப கண்டிப்பா வாரேன். நர்ஸ வீட்டுல வச்சுக்கிட்டு ஒனக்கென்ன பயம்?" தொற்றிக்கொள்ளும் என்று எழுதினாள். ஊசி பெரிசா போடுவேன் என்று பதில் வந்தது. பேச்சு வரவில்லை என்று மட்டும் அவளால் எழுத முடியவில்லை. எழுதினால் அந்தப் பெண் அன்றைக்கே ஓடிவந்துவிடுவாள்.

வெள்ளிக்கிழமை ஆனந்தராஜ் கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. மணி அடித்து ஓயும்வரை மாடியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் குழுவில் வெற்றிசெல்வனின் குரல் பதிவு வந்திருந்தது. அவன் குரலேதான். தெளிவாக, கணீரென்று, சந்தோஷமாக. "அக்கா, நல்லாருக்கீங்களா? எனக்குச் சரியாப்போச்சு. வீட்டுக்கு வந்துட்டேன்."

அதற்குக் கீழே, அதே எண்ணிலிருந்து, எழுத்தில் ஒரு வரி.

"அது நான் இல்லக்கா."

அப்புறம் அந்த எண்ணிலிருந்து எதுவும் வரவில்லை.

மகளைத் தடுக்க வேண்டும். அது ஒன்றுதான் செவந்திக்கு மிச்சமிருந்தது. மகளுக்கு எழுதினாள்: "வீட்டுக்கு வராத. அத்தை வீட்டுல எறங்கிரு. சத்தியமா வராத." ஒரே ஒரு டிக். சாயங்காலம் கரண்ட் போனது. மழை விடாமல் கொட்டியது. ஒரு டிக்கிலேயே நின்றது.

கைபேசி அடித்தது.

"அம்மா? பஸ்ஸு கீரமங்கலம் தாண்டிருச்சு. இது பக்கத்துச் சீட்டு அக்கா போனு, எனக்குச் சார்ஜு செத்துப்போச்சு. கேக்குதா?"

செவந்தி வாயைத் திறந்தாள். காற்று வந்தது. கைபேசியை நகத்தால் தட்டினாள். தட்டினாள். தட்டினாள்.

"அம்மா? என்ன டொக்கு டொக்குங்குது? பேசும்மா."

"கேக்குதுடி."

மாடிப்படித் திருப்பத்திலிருந்து அது சொன்னது. அவளுக்குப் பின்னால். கிட்டத்தில். "பாத்து எறங்கு. கொடை வச்சிருக்கியா?"

"ஹப்பா, பேசுனியா! வச்சிருக்கேன். காய்ச்சலு எப்புடி இருக்கு? என்ன கொழம்பு?"

"மீன் கொழம்பு. ஒனக்குப் புடிச்சதுதான்."

செவந்தி சமைக்கவே இல்லை.

"சரி வை, வந்துர்றேன்." தொடர்பு நின்றது.

திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கழுத்து தானே இறுகிக்கொண்டது. வாசலில் கிடந்த உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். தோப்புப் பாதை சேறாக வழிந்தது. மரத்தைப் பிடித்துப் பிடித்து ஓடினாள். சாலையோரப் புளியமரத்தடியில் நின்றபோது பேருந்தின் மஞ்சள் வெளிச்சம் மழையைக் கிழித்துக்கொண்டு வந்து, நின்று, போனது. இருட்டில் ஒரு குடை விரிந்தது.

செவந்தி ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள்.

"ஏய்! யாரு?"

சாக்கு கண்வரை இறங்கியிருந்தது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. அவள் மகளைச் சாலைப் பக்கம் இழுத்தாள். வீட்டுக்கு எதிர்ப்பக்கம். வேறு எங்காவது. எங்கிட்டாவது.

"விடுங்க! யாருங்க நீங்க? கைய விடுங்க!"

"சரண்யா!"

தோப்புக்குள்ளிருந்து குரல். அம்மாவின் குரல். கவலையாக, செல்லமாக. "அங்கிட்டு யாருகூட நிக்கிற? வெரசா வா!"

"அம்மா! இங்க யாரோ ஒரு பொம்பள..."

கை நழுவியது. மழையில் நனைந்த கை. குடை சேற்றில் விழுந்து உருண்டது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சரண்யா தோப்புக்குள் ஓடினாள். பின்னாலேயே செவந்தி. சறுக்கினாள். விழுந்தாள். எழுந்தாள். தூரத்தில் வாசல் கதவு, யாரும் தட்டாமலே, அகலத் திறந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சம். மகளின் நிழல் உள்ளே போனது. கதவு மூடியது. தாழ்ப்பாள்.

கதவை அறைந்தாள். கையால். பிறகு தலையால்.

உள்ளே அவளுடைய குரல் சொன்னது: "ஏதோ பைத்தியம் போலடி. பாவம். தெறக்காத."

"பயந்தே போயிட்டேம்மா."

"அதான் வீட்டுக்கு வந்துட்டியே. ஒக்காரு."

பக்கவாட்டு ஜன்னல். கம்பியைப் பிடித்து எக்கினாள்.

கூடத்தில் ஒரு மெழுகுவர்த்தி. தலையில் துண்டோடு சரண்யா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டு. சோற்றிலிருந்து ஆவி எழுந்தது. வெளிச்சம் எட்டாத பக்கத்திலிருந்து ஒரு கை கரண்டியோடு நீண்டு வந்தது. சின்னக் கை. எட்டு வயதுப் பிள்ளையின் கை அளவுதான். கண்மாய்ச் சேறு காய்ந்த நிறம். குழம்பை ஊற்றியது. பின்வாங்காமல் அங்கேயே நின்றது.

சரண்யா சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல நிமிர்ந்தாள்.

சிரிப்பு நின்றது. கண் நின்றது. வாய் திறந்தது. இன்னும் திறந்தது. கழுத்து நரம்புகள் புடைத்துக்கொண்டு வெளியே வந்தன. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துச் செவந்தி அந்தக் கத்தலுக்காகக் காத்திருந்தாள். ஊரே கேட்கட்டும், யாராவது வரட்டும் என்று காத்திருந்தாள்.

மழை மட்டும் பெய்தது.

மகளின் வாய் திறந்தபடியே இருந்தது. அசையவில்லை. இருட்டுக்குள்ளிருந்து மகளின் குரல் சொன்னது:

"கொழம்பு நல்லாருக்கும்மா."